உப்பங்கரைச் சவுக்கும் கூட்டேரிப்பட்டு மேடும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அந்த எட்டாம் வகுப்பிலும் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன், பாடம் பிடித்துப்போய் அல்ல. நாலு பேர் இருக்கிற இடத்தில் தாகம் எடுத்தால்கூடத் தண்ணீர் கேட்கக் கூச்சப்படுகிறவன், உங்களுக்குப் புத்தி சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். நம் விறகுத் தொட்டி மேனேஜர் விடவில்லை. போன தை மாதம் கண் மங்கி நான் வேலையை விட்டு நின்றபோது, "இத்தினி வருஷம் வாயத் தொறந்து யாருக்கும் எதுவும் சொல்லித் தரல, எழுதியாவது குடுத்துட்டுப் போய்யா" என்றார். எனக்கு வயசு ஐம்பத்தொன்று. புகை தின்ற கண்ணுக்கு எழுபது இருக்கும். எழுத்து கோணலாக இருந்தால் கண்ணைத் திட்டுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

நீங்கள் புதிதாக மரமும் கரியும் தரம் பார்த்துப் பாஸ் பண்ணுகிற பாசர் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். எடை எப்படிப் போடுவது, ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது, எல்லாம் தொட்டி நோட்டில் இருக்கிறது. ஒரு பாசர் எந்த நேரத்தில் முட்டாளாகிறான் என்பது மட்டும் அதில் இல்லை. அந்த விஷயத்தில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

யுத்தத்துக்கு முன்னால், விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்பக்கம் இருந்த ஒரு தொட்டியில்தான் முதலில் சேர்ந்தேன். எனக்கு மேலே ஒரு பெரிய பாசர் இருந்தார். பெயர் வேண்டாம், பேரன்கள் இருக்கிறார்கள். அவர் மரத்தைப் பார்க்கவே மாட்டார். விறகு வண்டி வந்து நின்றதும் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு கட்டையை இரண்டு தட்டுத் தட்டி "எடு" என்பார், இல்லாவிட்டால் "விடு" என்பார். வண்டிக்காரர்கள் நடுங்குவார்கள். ஏதோ சித்து என்று நானும் ஆறு மாதம் நம்பினேன். கடைசியில் பார்த்தால், வண்டிமாடு மூச்சு வாங்குகிறதா என்று காதால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மாடு இரைத்தால் மரம் கனம். மாடு நின்றதும் அசைபோட ஆரம்பித்தால் மரம் லேசு. மாடு நோஞ்சானாக இருந்துவிட்டால் அன்றைக்கு வந்ததெல்லாம் உயர்ந்த சரக்குதான்.

அவர் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த வாரம், வளவனூர்த் தோப்பு ஒன்றைப் பார்த்து வர என்னை அனுப்பினார்கள். சுற்றிலும் கரும்பு, நடுவே சவுக்கு. நாலு வருஷத்து மரங்கள் ஏழு வருஷத்து மரங்களைப்போல நின்றன. வளைவு இல்லை, முடிச்சு இல்லை. பக்கத்திலேயே வாய்க்கால். கரும்புக்குப் போட்ட எருவில் பாதி சவுக்கு வேருக்குத்தான் போயிருக்கும். பச்சையாக வெட்டி ஒரு கட்டையைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். "எடு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அதுதான் பாசர் சொல்லும் முறை என்று நினைத்திருந்தேன்.

ஒரு கோடை காய்ந்ததும் கனம் எல்லாம் ஆவியாகப் போய்விட்டது. கனமாக இருந்தது தண்ணீர்தான். ரயிலடி காபி கிளப்காரர் ஒரே கக்கத்தில் நாலு கட்டையை இடுக்கிக்கொண்டு தொட்டிக்கு வந்தார். நாலையும் என் காலடியில் போட்டார். கட்டைகள் விழுந்த சத்தமே வரவில்லை.

"பால் பொங்கறதுக்குள்ள ரெண்டு கட்ட சாம்பலாப் போவுது. இது வெறகா, முருங்கக் கொம்பா?" என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் வெட்டுமுகத்தை உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் கேட்காமலே கிடைக்கிற சவுக்கு அவசரமாகப் பருக்கிறது. உள்ளே தண்ணீர் போகிற குழாய்கள் அகலமாக இருக்கும், குழாயின் சுவர் மெலிசாக இருக்கும். செஞ்சிப் பக்கம் செம்மண் சரளையில் வானம் பார்த்து வளர்ந்த சவுக்கு அதே பருமனுக்கு இரண்டு மடங்கு வருஷம் எடுத்துக்கொள்ளும். ஊசி இறங்காத அளவுக்கு உள்ளே இறுகியிருக்கும். விதை ஒன்றுதான். விருந்தில் உடம்பு வளர்த்தவனையும் வேலையில் உடம்பு வளர்த்தவனையும் தூக்கிப் பார்த்தால் தெரிகிற வித்தியாசம்தான். இதை எல்லா மரத்துக்கும் போட்டுப் பார்க்காதீர்கள். தேக்கில் வேகமாக வளர்ந்ததெல்லாம் சோடை என்று சொன்ன ஒரு பாசரின் மானத்தை ஒரு தச்சர் கடைத்தெருவில் வைத்து வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது பாதிப் பாடம். ஆனால் முழுப் பாடம் படித்தவனைப்போல நடந்துகொண்டேன். காய்ந்த மரத்தில் கனமே தெய்வம் என்று ஆகிவிட்டது. லேசாக இருந்தால் யார் கெஞ்சினாலும் விடு, கனமாக இருந்தால் எங்கிருந்து வந்தாலும் எடு. இதில் எனக்கு ஒரு வசதியும் இருந்தது. தராசு வைத்திருக்கிறவன் யாரிடமும் பேச வேண்டியதில்லை.

யுத்தம் வந்தது, பெட்ரோல் போய்விட்டது. பஸ்கள் கரியில் ஓட ஆரம்பித்தன. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை நிற்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி அடியில் நெருப்பு வைத்து, கிளீனர் ஒரு சக்கரத்தைப் பிடித்துக் கால் மணி நேரம் சுற்றிக் காற்று ஊதுவார். அதிலிருந்து கிளம்புகிற வாயு குழாய் வழியாக இன்ஜினுக்குப் போகும். வண்டி நகரும், சில நாள் நகராது. பின் சீட்டுக்காரர்கள் பாதி வெந்த பதத்தில் இறங்குவார்கள். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். யாரும் சொல்லவேண்டியதில்லை. கையில் பத்திரக் கட்டோடு கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் குமாஸ்தாகூட ஒரு கையால் தள்ளுவார்.

விழுப்புரத்தில் நாலு பஸ் வைத்திருந்த ஒரு முதலாளி என்னைக் கரி வாங்குகிறவனாக வைத்துக்கொண்டார். வெல்ல மண்டியிலிருந்து பஸ்ஸுக்கு வந்தவர். வெல்லத்தில் மண் கலப்பவர்களைப் பிடித்துப் பிடித்து, உலகத்தில் எல்லாரும் எதிலாவது மண் கலக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்திருந்தார். என்னைப் பிடித்ததற்குக் காரணம் நான் பேசாததுதான். பேசுகிறவன் திருடுவான் என்பது அவர் கணக்கு.

கரி பார்க்க என்னிடம் மூன்று வழி இருந்தது. ஒரு மரக்கால் நிறைய அள்ளி எடை போடுவேன். ஒரு துண்டைக் கல்லில் போட்டுச் சத்தம் கேட்பேன், வெண்கலம் மாதிரி கேட்டால் நல்ல கரி. பிறகு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். காய்ந்த கரி நாக்கில் ஒட்டிக்கொள்ளும், ஈரக் கரி ஒட்டாது. நாள் முழுக்கக் கரி நக்குகிறவனின் வாய் எப்படி இருக்கும் என்று என் சம்சாரம் ஒருநாளும் கேட்டதில்லை. எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

மரக்காணம் பக்கத்தில், கழுவெளி என்கிற உப்பங்கழியின் தண்ணீர் ஏறி இறங்குகிற கரையில், என் கனவுக் கரி கிடைத்தது. அங்கே குப்பம்மாள் என்று ஒரு அம்மாள் சொந்தமாகச் சவுக்கு வைத்துக் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கடல் காற்றில் அடிபட்டுக் குட்டையாக, முறுக்கிக்கொண்டு நின்ற மரங்கள். பத்து வருஷத்து மரம் தொடைப் பருமன்கூட இல்லை. கரியோ இரும்பு. என் தராசு அதுவரை பார்க்காத கனம். கல்லில் போட்டால் கோயில் மணி. நாக்கில் வைத்தால் பிய்த்துத்தான் எடுக்கவேண்டும். நான் தலையை ஆட்டினேன். குப்பம்மாள், "தம்பி, இந்தக் கரி வந்து" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பொம்பளை ஆளோடு நின்று பேசக் கூச்சம். மூட்டைகளை எண்ணுகிற மாதிரி நகர்ந்துவிட்டேன்.

அந்தக் கரியை நாலு பஸ்ஸுக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. இருக்கிறதிலேயே நீண்ட நடை, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய்த் திரும்பி மறுபடியும் போய்த் திரும்பும் வண்டி. அதற்கு மட்டும் கொடுத்தேன். டிரைவர் சவரிமுத்து. ஒன்பது வருஷம் கிளீனராக இருந்து ஸ்டீயரிங்குக்கு வந்தவர். தொட்டிக் காலத்திலிருந்தே எனக்குப் பழக்கம். நானாகப் போய்ப் பேசுகிற இரண்டு மூன்று பேரில் ஒருவர். ஒரு உபகாரமாக நினைத்துத்தான் கொடுத்தேன்.

நாலாம் நாள் மத்தியான நடையில் கூட்டேரிப்பட்டு தாண்டியதும் வருகிற மேட்டில் வண்டி நின்றது. ஐந்தாம் நாளும் நின்றது. ஆறாம் நாள் தள்ளியும் போகவில்லை. மயிலம் கோயிலுக்குப் போய்வந்த கூட்டம் மொட்டைத் தலையோடு வெயிலில் நடந்தே விக்கிரவாண்டிக்குப் போனது. முதலாளியின் காதுக்கு அந்த மொட்டைகளின் வாழ்த்து எல்லாம் வந்து சேர்ந்தது. அவரே வந்து உருளையின் அடிக்கதவைத் திறக்கச் சொன்னார். கரி எரிந்து சாம்பல் விழவேண்டிய இரும்புச் சல்லடை முழுக்க அடைத்துக்கொண்டு, பச்சையும் கறுப்புமாகக் கண்ணாடி மாதிரி ஒரு கட்டி. கொல்லன் உலையின் அடியில் தங்குமே, கிட்டம், அந்த ஜாதி. காற்று எப்படிப் போகும்?

முதலாளி கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது மண்தான். சவரிமுத்து மூட்டைக்குப் பாதி கரியை வழியில் விற்றுவிட்டு எடைக்கு மண்ணைக் கலக்கிறான் என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார். அன்றைக்குப் புதன்கிழமை. சனிக்கிழமை அவரைப் போலீசில் ஒப்படைப்பது, லைசென்சில் குறிப்பு எழுத வைப்பது என்று சொன்னார். அப்படி ஒரு குறிப்பு ஏறிவிட்டால் இந்த ஜில்லாவில் ஒருவரும் ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உன் கரியில மண்ணு உண்டாடா?"

ஷெட்டில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். 

"என் கரியில மண்ணு இல்லீங்க" என்றேன்.

உண்மைதான். ஒரு பொட்டு மண்கூட இல்லை. உண்மை சொன்ன திருப்தியோடு தலையை நிமிர்த்தியபோது சவரிமுத்துவின் முகத்தைப் பார்த்தேன். என் கரியில் மண் இல்லை என்றால், மண்ணைக் கலந்தவர் யார்? அந்த நாலு வார்த்தைக்குள் ஒரு ஆளைக் கட்டிப்போட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. இதைப் படிக்கும்போது என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள்.

வெளியே வந்ததும் சவரிமுத்து என்னைப் பிடித்துக்கொண்டார். சத்தம் போடவில்லை.

"இன்னாயா, பெரிய பாசரு. மண்ணு இல்லன்னு சொல்லிட்ட. அப்ப அந்தக் கட்டி எங்கருந்து வந்துச்சு, என் வவுத்துலருந்தா?"

நான் கரியின் எடையைச் சொன்னேன். அவ்வளவு கனமான கரி இந்தப் பக்கத்திலேயே கிடையாது என்றும் சொன்னேன். 

"கனந்தான் முக்கியம்னா திருவக்கரைக்குப் போயி அந்தக் கல்லு மரத்த வாங்கினு வந்து என் வண்டியில போடு. அதும் ஒரு காலத்துல மரந்தான்னு சொல்றாங்க. நல்லாக் கனமா இருக்கும், நாக்குலயும் ஒட்டும்."

இதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்போம்.

வியாழக்கிழமை காலை மரக்காணம் புறப்பட்டேன். திண்டிவனம் வரை பஸ், அங்கிருந்து வாடகை சைக்கிள். பெருமுக்கல் மலையைத் தாண்டும்போது எதிர்க்காற்று. போகிற வழியெல்லாம் குப்பம்மாளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவர்தான் மண் கலந்திருக்கவேண்டும் என்று மனசு சொன்னது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவர் திருடி என்றால் சவரிமுத்துவும் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன்.

போய் நின்றதும் ஒத்திகை எல்லாம் மறந்துவிட்டது. "யக்கா, கரி கட்டி பிடிக்குது" என்று மட்டும் சொன்னேன்.

குப்பம்மாள் மூட்டத்துக்கு மண் பூசிக்கொண்டிருந்தார். கையைக்கூடக் கழுவவில்லை.

"பிடிக்கத்தான் செய்யும். உப்பு குடிச்ச மரமாச்சே. இந்தக் கர மரத்த ஊட்டு அடுப்புக்கே ஒருத்தியும் வாங்க மாட்டா. பட்டு பட்டுனு வெடிச்சுப் பொடவையில தெறிக்கும், சாம்பல்ல கல்லு தங்கும். அன்னிக்கே சொல்ல வந்தேன். நீ நக்கிப் பாத்துட்டு ஓடிட்ட. பஸ்ஸு ஓட்டற பெரிய எடம், ஒங்களுக்குத் தெரியாததான்னு உட்டுட்டேன்."

பிறகு கையைப் பிடித்து இழுக்காத குறையாக என்னை மேட்டுக்கு அழைத்துப்போனார். கரையிலிருந்து நூறு தப்படிகூட இருக்காது, உயரமான மணல் மேடு. அங்கேயும் அவர் வைத்த சவுக்குதான். அதே விதை, அதே வாரம் நட்டது, அதே கை. மேட்டு மணலில் மழைத் தண்ணீர்தான் வேருக்கு. கரையிலோ கழுவெளி ஏறும்போதெல்லாம் உப்புத் தண்ணீர். உப்பை வெளியே துப்ப மரத்துக்கு வாயா இருக்கிறது? குடித்தது உள்ளேயே தங்குகிறது. அந்தக் கஷ்டத்தில்தான் அது குட்டையாகி இறுகுகிறது. நான் நல்ல குணம் என்று பாஸ் பண்ணிய கனமும், வண்டியை நிறுத்திய உப்பும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

இரண்டு கரியையும் தனித்தனியாக நெருப்பில் போட்டுக் காட்டினார். மேட்டுக் கரி சத்தமில்லாமல் நீலமாக எரிந்தது. கரைக் கரி வெடித்தது, மஞ்சளாக எரிந்தது. சாம்பலை விரலில் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னார். ஒன்று சுண்ணாம்பு மாதிரி சுருக்கென்றது. மற்றது ஊறுகாய் ஜாடி. இத்தனை நாள் கரியை நக்கினேனே தவிர, அது எரிந்த பிறகு என்னவாகிறது என்று நக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நம் வேலையில் கனம் ஒரு கேள்வி, உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி. ஒன்றுக்குப் பதில் தெரிந்தால் இரண்டுக்கும் தெரிந்தது என்று நினைக்கிறவன் நான் வந்த வழியில் வருகிறான்.

சாயங்காலம் முதலாளியிடம் போனேன். கரி என்னுடைய தப்பு, சவரிமுத்து மண் கலக்கவில்லை, மரம் உப்புக் குடித்திருக்கிறது என்று சொன்னேன். சொன்னது காதில் விழவில்லை என்று மூன்று தடவை சொல்ல வைத்தார். மூன்றாம் தடவை கணக்குப்பிள்ளை சிரித்துவிட்டார்.

"மரம் உப்புக் குடிக்குதாம். நாளைக்கு மாங்காயும் கேக்கும்" என்றார் முதலாளி. சவரிமுத்துவும் நானும் கூட்டு என்பது அவருடைய அடுத்த தீர்ப்பு. நான் விடாமல் நின்றேன். தைரியம் இல்லை, போக வேறு இடமும் இல்லை. கடைசியில் ஒரு சோதனைக்குச் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை அவரே வண்டியில் வருவார். போகும்போது செஞ்சிக் கரி, திரும்பும்போது கரைக் கரி. மூட்டைகளுக்கு அவரே அரக்கு முத்திரை போடுவார். கரைக் கரியில் வண்டி மேட்டில் நின்றால் சவரிமுத்து பிழைத்தார். ஏறிவிட்டால் இரண்டு பேருக்கும் சனிக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை திண்டிவனம் வரை ஒரு தொல்லையும் இல்லை. அங்கே முதலாளி முன்னாலேயே சல்லடையைச் சுத்தம் பண்ணினோம். செஞ்சிக் கரியின் சாம்பலில் ஒரு பிடியைத் தகர டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டேன். முத்திரையை அவர் கையாலேயே உடைத்துக் கரைக் கரியைக் கொட்டினோம். மிச்ச மூட்டையின்மேல் அவரே உட்கார்ந்துகொண்டார், பின் சீட்டில், உருளைக்குப் பக்கத்தில். வேர்த்து ஊற்றியது. இறங்கமாட்டேன் என்று இருந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன்.

மேடு வந்தது. ஜனங்கள் பழக்கத்தில் இறங்க எழுந்தார்கள். சவரிமுத்து கியரை மாற்றினார். வண்டி முனகிக்கொண்டே ஏறியது. நின்றுவிடும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. ஏறி அந்தப் பக்கம் இறங்கியும் விட்டது. ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம்.

சவரிமுத்து நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். காலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், யாருக்கும் தெரியாது. அவர் செய்யவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் செய்திருப்பேன்.

"ஏறிடுச்சே" என்றார் முதலாளி. அவ்வளவுதான் சொன்னார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. முன்னால் வண்டி நின்றதெல்லாம் மத்தியான நடையில்தான். முந்தின நாட்களில் தங்கிய கட்டியோடு காலையிலிருந்து சேர்ந்ததும் ஒன்றாகி மத்தியானம்தான் சல்லடையை முழுசாக அடைக்கும். இன்றைக்குச் சுத்தமான சல்லடையோடு கிளம்பிப் பாதி வழிதான் வந்திருக்கிறோம். கட்டி இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும். விழுப்புரம் போய்ச் சேர்ந்துவிட்டால் முதலாளி இறங்கிப் போய்விடுவார், பேச்சு முடிந்தது. இப்போதே அடிக்கதவைத் திறந்தால் காட்டலாம். ஆனால் எரிகிற உருளையை நடுவழியில் திறந்தால் வாயு போய்விடும். மறுபடி நெருப்பு பிடித்து வண்டி கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால், நன்றாக ஓடின வண்டியைக் கெடுத்த பழியும் சேரும். நாற்பது பேர் வண்டியில். ஒரு கல்யாணக் கோஷ்டி வேறு, முகூர்த்தத்துக்குப் போகிறது.

"நிறுத்துங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். பிறகு எழுந்து தகரத்தில் இரண்டு கையாலும் அடித்தேன். நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்க்கையில் அவ்வளவு கண்கள் என்மேல் பட்டது கல்யாணத்தன்றுகூட இல்லை. வண்டி நின்றது.

கீழே குதித்து, கிளீனர் தடுப்பதற்குள் இரும்புக் கம்பியால் அடிக்கதவைத் தட்டித் திறந்தேன். நெருப்பு முகத்தில் அடித்தது. இந்தக் கண்ணுக்கு முதல் அடி அன்றைக்குத்தான். கம்பியைச் சல்லடைக்குமேல் விட்டுக் கிளறி இழுத்தேன். கம்பி நுனியில் சிவப்பாக, பிசுபிசுவென்று ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. தூக்கினேன். நூல் நூலாகத் தொங்கியது.

முதலாளி மூட்டையை விட்டு இறங்கி வந்தார். வாழ்நாள் பாதி வெல்லக் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றவர். அவருக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பாகு மாதிரி கம்பி இழுக்குதே" என்றார்.

"மூட்ட மேல நீங்கதான் முதலாளி ஒக்காந்துகினு வந்தீங்க. மண்ணு எங்கருந்து வந்திருக்கும்?"

இவ்வளவு நீளமான கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. டப்பாவிலிருந்த செஞ்சிச் சாம்பலையும், கீழே விழுந்த கரைச் சாம்பலையும் என் வேட்டியின் இரண்டு முனையில் தனித்தனியாகக் கொட்டி நீட்டினேன். அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். ஒன்று, இன்னொன்று. முகம் கோணியது.

"அந்தப் பொம்பளைக்கு இது தெரியுமா?"

"தெரியுங்க. நான்தான் கேக்கல."

"இனிமே கேட்டுகினு வாங்கு" என்றார். சவரிமுத்துவைப் பார்த்து, "நாளைக்கு வண்டிய எடு" என்றார். மன்னிப்பு, வருத்தம் என்ற சமாசாரமெல்லாம் அவரிடம் கிடையாது. விழுப்புரம் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, ஏற்றிய வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, மூட்டைகள்மேல் ஏறிப் போய்விட்டார். அவருடைய சொந்த பஸ்ஸை நம்பி அங்கே காத்திருக்க அவருக்கு என்ன பைத்தியமா?

பஸ் இரண்டரை மணி நேரம் அங்கேயே நின்றது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்திய புண்ணியவான் யார் என்று கல்யாணக் கோஷ்டி விசாரித்தது. கிளீனர் கை நீட்டினார். மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னையும் என் பரம்பரையையும் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவர் சொன்னதில் பாதி நியாயமானது.

நான் சல்லடையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சவரிமுத்து வந்து பக்கத்தில் குந்தினார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"மண்ணு இல்லன்னு சொன்னது பொய்யில்ல, தெரியும். ஆனா அன்னிக்கே 'கட்டி எதனால வருதுன்னு எனக்குத் தெரியலீங்க'ன்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருந்தா, இந்த மூணு நாளு என் ஊட்டுல அடுப்பு எரிஞ்சிருக்கும்யா" என்றார்.

கம்பியை என் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தை அவரே சுரண்டினார்.

தம்பிகளே, மரம் எந்த மண்ணில் நின்றது, எந்தத் தண்ணீரைக் குடித்தது, எந்தக் காற்றில் வளைந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டே கேளுங்கள். அதில் உயிர் போகாது என்பதற்கு நான் சாட்சி. மூட்டம் போடுகிறவருக்கும் கட்டை வெட்டுகிறவருக்கும் தெரிந்ததில் கால்வாசிகூட நம் தராசுக்குத் தெரியாது. உங்களை யாராவது நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்டால், தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். தெரியாததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மறுநாள் சனிக்கிழமை. சவரிமுத்து ஐந்தரை மணி வண்டியை எடுத்தார். செஞ்சிக் கரி போட்டிருந்தோம். ஏழே முக்காலுக்கு வண்டி திண்டிவனம் போய்ச் சேர்ந்தது. என்னோடு அவர் பேசவில்லை.